மைட்டர் சா-ல கட் சரியா வரலையா, துண்டு தெறிக்குதா? அறிகுறிய வச்சு காரணத்த பிடிக்கிற வழி

காம்பவுண்ட் மைட்டர் சா (வட்ட பிளேட மேலருந்து இறக்கி மரத்த குறுக்கயும் கோணத்துலயும் வெட்டுற மெஷின்) வச்சிருக்கிறவங்களுக்கு வர்ற சந்தேகத்துல ஒரு பங்கு கட் பத்தினது, ஓரம் கருகுது, பிசிறடிக்குது, மூலை சேர மாட்டேங்குது. இன்னொரு பங்கு பயம் பத்தினது, துண்டு தெறிக்குது, பிளேடு கவ்வுது, மெஷினோட தலை (மோட்டாரும் பிளேடும் இருக்கிற மேல் பகுதி) திடீர்னு நம்ம பக்கம் ஏறி வருது. ரெண்டும் வேற வேற பிரச்சனைன்னு நெனச்சு முதல்ல சொன்னதுக்கு புது பிளேடு வாங்குறாங்க, ரெண்டாவதுக்கு மெஷினயே குறை சொல்றாங்க. தோண்டிப் பாத்தா ரெண்டுக்கும் அடியில பெரும்பாலும் ஒரே காரணம்தான் கெடக்கும்: மரம் ஃபென்ஸ்லயும் (மேசை மேல பின்னாடி நிக்கிற நேர் தடுப்பு) மேசையிலயும் அசையாம உக்காரல, இல்ல அறுபட்ட துண்டு போக எடமில்லாம மாட்டிக்கிட்டு நிக்குது. லேசா கருப்பு விழுந்த கட்டும் துண்டு தெறிக்கிற கட்டும் பல நேரம் ஒரே செட்டப்புலதான் வருது. அதனால கட் மோசமா வந்தா உப்புத்தாள் போட்டு தேச்சு மறைச்சிட்டு அடுத்த துண்டுக்கு போயிடாதீங்க, அந்த எடத்துலயே நின்னு ஏன்னு பாருங்க.

எந்த அறிகுறியா இருந்தாலும் முதல் வேலை பிளக்க புடுங்குறது. கார்ட்லெஸ்னா பேட்டரிய கழட்டி தள்ளி வைங்க. சுவிட்ச்ச தொடாம பாத்துக்குறேன்னு சொல்லிட்டு பிளேடு பக்கத்துல மூலைமட்டத்த வைக்கிறது, கார்ட (பிளேட மூடுற கவசம்) தூக்கிப் பிடிச்சு தூசி தட்டுறது இதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

அப்புறம் ஒரு ஒழுங்கான கட் எப்படி நடக்கணும்னு மனசுல வச்சுக்கோங்க, ஏன்னா கீழ வர்ற பாதி பிரச்சனை இந்த வரிசைய விட்டு விலகுறதாலதான் வருது. மரத்த ஃபென்ஸ்ல ஒட்டி மேசையில படிய வச்சு கிளாம்ப் போடணும், மெஷின் ஓடாம இருக்கும்போதே தலைய இறக்கி பல்லு கோட்டுக்கு எந்தப் பக்கம் விழுதுன்னு பாக்கணும், மறுபடி தூக்கிட்டு சுவிட்ச் அழுத்தி பிளேடு முழு வேகத்துக்கு வர்ற வரைக்கும் காத்திருக்கணும், அதுக்கப்புறம்தான் மரத்துல இறக்கணும். அறுத்து முடிஞ்சதும் பிளேடு கீழ இருக்கும்போதே சுவிட்ச்ச விட்டு, அது சுத்தமா நின்னப்புறம்தான் தலைய தூக்கணும். இந்த கடைசி படியத்தான் நிறைய பேர் முழுங்கிடுறாங்க.

அறுத்து முடிக்கிற நேரத்துல துண்டு தெறிக்குது, டப்புன்னு சத்தம் வருது

இதுக்கு முதல் சந்தேகம் அந்த கடைசி படி மேலதான். பிளேடு ஓடிக்கிட்டு இருக்கும்போதே தலைய தூக்குனா, பிளேடு பக்கத்துல லூசா கெடக்குற சின்னத் துண்டு கொஞ்சம் சாஞ்சு பல்லுல மாட்டும், மாட்டுன அந்த நொடியே ஃபென்ஸ் பக்கமா தூக்கி அடிக்கும். மைட்டர் சா பிளேடு சுத்துற திசைய கவனிச்சுப் பாருங்க, உங்க பக்கம் இருக்கிற பல்லு கீழ இறங்கும், அடியில இருக்கிற பல்லு உங்கள விட்டு விலகி ஃபென்ஸ் பக்கம் போகும். வழக்கமா இது நல்லதுதான், மரத்த ஃபென்ஸ்ல அழுத்தி வைக்குது. ஆனா லூசான துண்டையும் அதே திசையிலதான் இழுத்துட்டுப் போகும், பிளேடுக்குப் பின்னாடி ஃபென்ஸ்ல இருக்கிற பெரிய இடைவெளியில அந்தத் துண்டு ஆப்பு மாதிரி சிக்கி அப்புறம் எந்தப் பக்கம் வேணும்னாலும் பறக்கும்.

சுவிட்ச்ச விட்டு நின்னப்புறம்தான் தூக்குறேன், ஆனாலும் தெறிக்குதுன்னா ஸ்டாப் பிளாக் (ஒரே நீளத்துக்கு வெட்ட மரத்து முனைய தொட்டு நிறுத்துற கட்டை) எங்க இருக்குன்னு பாருங்க. கிளாம்ப் ஒரு பக்கம், ஸ்டாப் பிளாக் மறுபக்கம்னு இருந்தா அறுபட்ட துண்டு பிளேடுக்கும் பிளாக்குக்கும் நடுவுல மாட்டிக்கும், கொஞ்சம் திரும்பினாலும் போக எடம் கெடையாது. ஸ்டாப் பிளாக் இருக்கிற பக்கத்து மரத்ததான் கிளாம்ப் பிடிச்சிருக்கணும், மறுபக்கத்துத் துண்டு எதுலயும் இடிக்காம சும்மா கெடக்கணும். அறுபடுற துண்ட கையால பிடிச்சு வைக்கிறது, ரெண்டு பக்கமும் சேத்து அழுத்துறது ரெண்டும் தப்பு, வெட்டு வாய (பிளேடு அறுத்த இடைவெளி) நீங்களே மூடிவிடுறீங்க.

சின்னச் சின்ன துண்டு அடிக்கடி வெட்டுற வேலையா இருந்தா ஒரு ஜீரோ கிளியரன்ஸ் பலகை பண்ணிடுங்க. 12 மி.மீ பிளைவுட் ஒண்ணு நிக்க, 6 மி.மீ பிளைவுட் ஒண்ணு படுக்க, எல் வடிவுல ஒட்டி, ஃபென்ஸ்ல பின்பக்கத்துலருந்து ஸ்க்ரூ போட்டு நிறுத்திட்டு (பிளேடு போற பாதையில ஸ்க்ரூ வரவே கூடாது) ஒரு தடவ முழுசா வெட்டி விடுங்க. இப்ப பிளேடு போற அகலத்துக்கு மட்டும்தான் வாய் இருக்கும், துண்டு உள்ள விழ எடமே இல்ல. அடியில போட்ட பலகையோட கனத்துக்கு வெட்டுற ஆழம் குறையும், பெரும்பாலான வேலைக்கு அது ஒரு பொருட்டில்ல.

பாதி வெட்டுல பிளேடு கவ்விப் பிடிக்குது, மோட்டார் முனகுது

இந்த நேரத்துல கை தானா தலைய வெடுக்குன்னு மேல தூக்கப் பாக்கும், தூக்காதீங்க. சுவிட்ச்ச விடுங்க, பிளேடு நிக்கட்டும், பிளக்க புடுங்குங்க, அப்புறமா கிளாம்ப லூஸ் பண்ணி மரத்த அசைச்சு பிளேட விடுவிங்க.

காரணம் வெட்டு வாய் மூடிக்கிறதுதான், ஏன் மூடுதுங்கிறதுலதான் வகை இருக்கு.

பலகை வளைஞ்சிருந்தா எந்தப் பக்கம் ஃபென்ஸ்ல வச்சீங்கன்னு பாருங்க. குழிஞ்ச பக்கத்த ஃபென்ஸ்ல வச்சா ரெண்டு முனை மட்டும் ஒட்டி நிக்கும், பிளேடு எறங்குற நடு எடத்துல ஃபென்ஸுக்கும் மரத்துக்கும் சந்து இருக்கும். வெட்டு ஆழமாக ஆழமாக ரெண்டு பாதியும் அந்த சந்துக்குள்ள சாயும், பிளேட நெருக்கும். திருப்பிப் போட்டு புடைச்ச பக்கம் ஃபென்ஸ்ல படுற மாதிரி, புடைப்பு சரியா வெட்டுற எடத்துல வர்ற மாதிரி வச்சு கிளாம்ப் போடுங்க. வெட்டுக்கோடு இருக்கிற எடத்துல ஃபென்ஸ்லயும் மேசையிலயும் சந்து இல்லாம இருக்கணும், மத்த எடத்துல கொஞ்சம் விலகி இருந்தா பரவாயில்ல. பலகை முறுக்கி இருந்தா கத வேற, ஒரு மூலைய அழுத்துனா எதிர் மூலை எழும்புற பலகைய அப்படியே வெட்டக் கூடாது, ஆடுற மூலைக்கு அடியில மெல்லிசா ஆப்பு சொருகி ஆட்டம் நின்னப்புறம் வெட்டுங்க, இல்ல முதல்ல இழைச்சு மட்டம் பண்ணுங்க.

நீளமான மரம்னா தாங்கல் பாருங்க. மேசைக்கு வெளிய தொங்குற முனை கனத்துல கீழ எறங்குனா, வெட்டு முடியுற நேரத்துல பிளேடு பக்கத்து முனை மேல எழும்பி பல்லுல இடிக்கும். அதுக்குன்னு ஸ்டாண்ட ஒசத்தி வச்சா வெட்டு வாய் மேல்பக்கம் மூடும். ரெண்டுமே ஆகாது, ஒரு நேரான கட்டைய மேசையிலருந்து ஸ்டாண்டு வரைக்கும் வச்சு பாத்து ஒரே மட்டத்துக்கு கொண்டு வாங்க. வேற ஒரு ஆள பிடிக்கச் சொல்றது வேண்டாம், அவங்க கை அசையிற அசைவெல்லாம் பிளேடுலதான் வந்து நிக்கும்.

எல்லாம் சரியா வச்சும் கவ்வுதுன்னா அது மரத்துக்குள்ள இருக்கிற இழுவிசை. சரியா காயாத மரம், கணு பக்கத்து மரம், வளைஞ்சு வளர்ந்த கிளை மரம் இதெல்லாம் அறுக்க அறுக்க தானா உருவம் மாறும். அந்த மாதிரி மரத்த கடைசி அளவுக்கு நேரா வெட்டாம முதல்ல கொஞ்சம் கூட விட்டு வெட்டி, அது அசைஞ்சு அடங்குனப்புறம் மறுபடி அளவுக்கு வெட்டுங்க. பழைய மரம்னா ஆணி இருக்கான்னு காந்தம் வச்சு தேடுங்க, பல்லு ஆணியில பட்டா கார்பைடு நுனி உடைஞ்சு பறக்கும்.

ரேகையோட போற நீளவாக்கு வெட்டுக்கு மைட்டர் சா எடுக்கவே கூடாது. அது குறுக்கு வெட்டுக்குன்னே பண்ணின மெஷின்.

ஸ்லைடிங் மெஷின் (தலை ரெயில்ல முன்னும் பின்னும் நகர்றது), தலை நம்ம மேல ஏறி வருது

பிளேட ஓட விட்டு, மரத்துல இறக்கி, தன் பக்கம் இழுத்து வெட்டுறவங்களுக்குத்தான் இது நடக்கும். ரேடியல் ஆர்ம் சா பழக்கம் இருக்கிறவங்க கை அப்படித்தான் போகும். மைட்டர் சா-ல அப்படி இழுத்தா பல்லு மரத்த அறுக்குறதுக்கு பதிலா மரத்து மேல உருண்டு ஏறும், மொத்த தலையும் உங்க பக்கம் பாயும்.

சரியான முறை: மெஷின் நின்னுக்கிட்டு இருக்கும்போது தலைய முன்னாடி இழுங்க, சுவிட்ச் போடுங்க, முழு வேகம் வந்ததும் கீழ அழுத்துங்க, அங்கருந்து ஃபென்ஸ் பக்கம் தள்ளிட்டே போங்க. இழு, இறக்கு, தள்ளு. பலகை குறுகலா இருந்தா ஸ்லைட ஃபென்ஸ் பக்கம் தள்ளி லாக் பண்ணிட்டு வெறும் சாப் கட்டா (மேலருந்து கீழ மட்டும் இறக்கி) வெட்டுங்க, தேவையில்லாம ஓட விடாதீங்க.

முறை சரியா இருந்தும் பிளேடு மரத்த தானா இழுக்குற மாதிரி இருந்தா பிளேடோட பல்லு சாய்வ பாருங்க. டேபிள் சா-க்கு வர்ற பிளேடுல பல்லு முன்னாடி சாஞ்சிருக்கும், மரத்த உள்ள இழுக்கும். மைட்டர் சா-க்கு, அதுலயும் ஸ்லைடிங்குக்கு, சாய்வு பூஜ்யத்த ஒட்டியோ மைனஸ் 5 டிகிரி வாக்குலயோ இருக்கிற பிளேடுதான் பொருத்தம். பிளேடு மேல எழுதியிருக்கும், அதோட அதிகபட்ச ஆர்பிஎம்மும் எழுதியிருக்கும், அந்த எண் உங்க மெஷினோட வேகத்த விட கூடவே இருக்கணும்.

துண்டு சின்னது, பிடிச்சா கை பிளேடு கிட்ட போகுது

பிளேடுலருந்து ரெண்டு பக்கமும் 15 செ.மீ-க்குள்ள கை வரக் கூடாது. துண்டு சின்னதா இருக்கேன்னு இந்த அளவ சுருக்காதீங்க, நீளமான மரத்துலருந்தே சின்னத் துண்ட வெட்டி எடுக்குற மாதிரி வேலைய திட்டம் போடுங்க. ஏற்கனவே சின்னதாயிடுச்சுன்னா கிளாம்ப்தான், கிளாம்பும் எட்டலன்னா ஒரு நீளக் கட்டையில அத ரெட்டப்பக்க டேப்பு போட்டு ஒட்டி கட்டையோட சேத்து வெட்டுங்க, இல்ல கைரம்பத்த எடுங்க. வலது கை சுவிட்ச்ல இருக்கும்போது இடது கைய பிளேடுக்கு குறுக்க கொண்டு போய் வலது பக்க மரத்த பிடிக்கிறது சில பேருக்கு பழக்கமாவே இருக்கு, அத இன்னைக்கே விட்டுடுங்க. உருட்டுக் கம்பு மாதிரி வட்ட மரம்னா வி வடிவுல குடைஞ்ச கட்டையில உக்கார வச்சு கிளாம்ப் போடணும், வெறுங்கையில பிடிச்சா பல்லு பட்டதும் சுழலும்.

கையுறை போட்டுக்கலாமான்னு கேட்டா, பிளேடு ஓடும்போது வேண்டாம், துணி நுனி மாட்டுனா விரலையும் சேத்து இழுத்துட்டுப் போகும். மரத்த தூக்கி வைக்கும்போதும் பிளேட மாத்தும்போதும் போட்டுக்கோங்க.

வெட்டுன முகம் கருகுது

பிளேடு மழுங்கிடுச்சுன்னு முடிவு பண்றதுக்கு முன்னாடி அத கழட்டி பல்லுக்குப் பின்னாடி பாருங்க. பைன் மாதிரி பிசின் மரம் வெட்டியிருந்தா பழுப்பு நிறத்துல ஒரு பூச்சு ஒட்டியிருக்கும், நகத்தால சுரண்டுனா மெழுகு மாதிரி வரும். அந்தப் பூச்சுதான் மரத்துல உரசி சூடாகுது. வெதுவெதுப்பான தண்ணியில பாத்திரம் கழுவுற திரவம் கலந்து கொஞ்ச நேரம் ஊற வச்சு, பழைய டூத் பிரஷ்ல தேய்ச்சு, துடைச்சு காய வச்சு மாட்டுங்க. கம்பி பிரஷ் வேண்டாம், கார்பைடு நுனி விளிம்பு போயிடும். பல பிளேடு மழுங்கிடுச்சுன்னு தூக்கிப் போடுறது வெறும் அழுக்குக்காகத்தான்னு எனக்கு உறுதியா தோணுது.

சுத்தம் பண்ணியும் கருகுதுன்னா நீங்க ரொம்ப மெதுவா இறக்குறீங்களான்னு பாருங்க. பல்லு ஒவ்வொண்ணும் கொஞ்சமாவது மரத்த கடிச்சு எடுக்கணும், கடிக்காம ஒரே எடத்துல தேய்ச்சிட்டே நின்னா சூடுதான் மிச்சம். மோட்டார் சத்தம் லேசா எறங்குறது தெரியுற வேகம் நல்ல வேகம், திணறுற அளவுக்கு போனா அதிகம்.

கருப்பு ஒரு பக்கத்து முகத்துல மட்டும் விழுதா, மறுபக்கம் சுத்தமா இருக்கா? அப்ப அந்தப் பக்கத்து மரம்தான் பிளேடு மேல சாயுது, மேல கவ்வுறதப் பத்தி சொன்னதெல்லாம் இங்க பொருந்தும், தெறிக்கிறதுக்கு முன்னாடி வந்த எச்சரிக்கையா எடுத்துக்கோங்க. ஸ்லைடிங் மெஷின்ல ரெண்டு துண்டுலயும் பின்பகுதி மட்டும் கருகுனா ரெயில் வழியா பிளேடு நேரா பின்னாடி போகாம கோணலா இழுபடுது, ரெயில் ஆட்டத்த செக் பண்ணுங்க.

பிசிறடிக்குது

மேல்முகம் சுத்தமா இருந்து அடியிலயும் ஃபென்ஸ் பக்கமும் மட்டும் பிசிறு வந்தா அது இயல்பு, பல்லு வெளியேறுற பக்கம் அதுதான், பின்னாடி தாங்கல் இல்லாததால நார் உடையுது. நல்ல முகத்த மேல வச்சு வெட்டுங்க, முன்னாடி சொன்ன ஜீரோ கிளியரன்ஸ் பலகை இதுக்கும் மருந்து. வெனீர் பலகைக்கு கோட்டு மேல மாஸ்கிங் டேப்பு இழுத்து ஒட்டி அதோட சேத்து அறுக்கலாம்.

எல்லாப் பக்கமும் பிசிறுன்னா பல்லு எண்ணிக்கைய பாருங்க. 10 இன்ச் பிளேடுல 24-லருந்து 40 பல்லு வரைக்கும் கட்டுமான மரத்துக்கு, வேகமா அறுக்கும் ஆனா முகம் கரடுமுரடா வரும். சட்டம், ஃபிரேம், பீடிங் வேலைக்கு 60 இல்ல 80 பல்லு. மெஷினோட வர்ற பிளேடுலயே பீடிங் வெட்டி பாத்துட்டு மெஷின் மட்டம்னு சொல்றது நியாயமில்ல, காசு செலவு பண்ணணும்னா முதல்ல பிளேடுக்கு பண்ணுங்க.

மூலை சேர மாட்டேங்குது

இதுக்குத்தான் அதிக நேரம் குடுக்கணும். நாலு மூலை இருக்கிற ஒரு ஃபிரேமுக்கு எட்டு மைட்டர் கட் (கோண வெட்டு). ஒவ்வொரு கட்லயும் அரை டிகிரி தப்புன்னா மூணு மூலைய இறுக்கி ஒட்டுனப்புறம் கடைசி மூலையில 4 டிகிரி திறந்து நிக்கும், 50 மி.மீ அகல சட்டத்துல அது கிட்டத்தட்ட 5 மி.மீ வாய். அரை டிகிரிய கண்ணால பாத்து கண்டுபிடிக்க முடியாது, அதனாலதான் ஸ்கேல் சரியா காட்டுது ஆனா ஃபிரேம் சேரலன்னு ஆளுங்க குழம்புறாங்க.

முதல்ல பூஜ்யம் பூஜ்யமா இருக்கான்னு பாருங்க. பிளக் புடுங்கி, தலைய கீழ இறக்கி லாக் பின் போட்டு, மூலைமட்டத்தோட ஒரு விளிம்ப ஃபென்ஸ்லயும் இன்னொரு விளிம்ப பிளேடோட தட்டையான உடம்புலயும் வைங்க. பல்லு நுனியில வைக்காதீங்க, கார்பைடு நுனி உடம்ப விட வெளிய துருத்தி நிக்கும், மட்டம் பொய் சொல்லும், ரெண்டு பல்லுக்கு நடுவுல இருக்கிற குழியில நுழையுற மாதிரி பிளேட கையால திருப்பிக்கோங்க. பின்னாடி வெளிச்சம் வச்சு பாத்தா பிளேடுக்கும் மட்டத்துக்கும் நடுவுல ஒரு வெள்ளை கீத்து தெரியும், அது ஒரு முனையிலருந்து மறுமுனை வரைக்கும் ஒரே மாதிரி இருந்தாலோ தெரியாமலே போனாலோ சரி, ஒரு முனையில அகலமாகி மறுமுனையில ஒடுங்குனா ஃபென்ஸ் போல்ட்ட லூஸ் பண்ணி திருத்தணும்.

மூலைமட்டமே சரியான்னு சந்தேகம் வந்தா இன்னொரு வழி இருக்கு. ரெண்டு விளிம்பும் இணையா இருக்கிற 100 மி.மீ அகல பலகை ஒண்ணு எடுத்து நடுவுல வெட்டுங்க, ஒரு பாதிய மட்டும் குப்புற கவுத்துங்க, ரெண்டு பாதியோட விளிம்பையும் ஒரே நேர்கட்டையில ஒட்டி வச்சு வெட்டு முகங்கள சேருங்க. தப்பு ரெண்டு மடங்காயி கண்ணுக்குத் தெரியும், அரை டிகிரின்னா பலகையோட ஒரு ஓரத்துல ஒண்ணே முக்கால் மி.மீ சந்து நிக்கும்.

பூஜ்யம் சரி, 45-ல மட்டும் தப்புன்னா சந்து எங்க விழுதுன்னு பாருங்க. வெளி முனை சேர்ந்து உள்பக்கம் திறந்திருந்தா கோணம் 45-க்கு மேல போயிடுச்சு, உள்பக்கம் சேர்ந்து வெளி முனை திறந்திருந்தா 45-க்கு குறைவு. கோணத்த நிறுத்த வரிசையா இருக்கிற பள்ளத்துல லிவர் விழுந்தா போதும்னு நம்பிடாதீங்க, பள்ளத்துல மரத்தூள் அடைச்சிருந்தா லிவர் முழுசா உக்காராது, ஒரு பிரஷ் போட்டு தட்டிட்டு மறுபடி விடுங்க.

கோணமெல்லாம் சரி, வெட்டி முடிச்சா மட்டும் மாறுதுன்னா மரம் நழுவுது. 45-ல பிளேடு இறங்கும்போது மரத்த ஃபென்ஸ் ஓரமா பக்கவாட்டுல தள்ளும், கைப்பிடிக்கு அது அடங்காது. கிளாம்ப் போடுங்க, கூடவே ஃபென்ஸ் முகத்துல 120 நம்பர் உப்புத்தாள் ஒட்டிட்டா பிடிமானம் நல்லா வரும், ரெண்டு பக்க ஃபென்ஸ்லயும் ஒட்டுங்க, ஒரு பக்கம் மட்டும் ஒட்டுனா அந்தக் கனமே கோணத்த மாத்தும். மெல்லிசு பிளேடா இருந்து கனமான மரத்துல வேகமா இறக்குனாலும் பிளேடு வளைஞ்சுக்கிட்டு போகும், மெதுவா எறக்கி அது போகுதான்னு பாருங்க.

கோணம் எல்லாம் கச்சிதமா இருந்தும் நாலாவது மூலை சேரலன்னா எதிரெதிர் சட்டங்களோட நீளம் சமமா இல்ல. ரெண்ட பக்கத்துல பக்கத்துல நிறுத்தி விரல் ஓட்டிப் பாருங்க, வித்தியாசம் விரலுக்குத் தெரியும்.

பெவல்ல, காம்பவுண்ட் கட்ல மட்டும் தப்பு

மைட்டர் பூஜ்யத்த பாத்த மாதிரியே பெவல் (பிளேட பக்கவாட்டுல சாய்க்கிறது) பூஜ்யத்தையும் பாக்கணும், இந்த தடவ மூலைமட்டத்த மேசை மேல நிறுத்தி பிளேடு உடம்புல வைங்க. ரெண்டுல ஒண்ணு பிசகினாலும் காம்பவுண்ட் கட் (மைட்டரும் பெவலும் சேந்தது) ரெண்டு பக்கமும் பிசகும், எதத் திருத்துறதுன்னே புரியாது, அதனால தனித்தனியா சரி பண்ணாம காம்பவுண்ட் பக்கம் போகாதீங்க. கூரை ஓரத்து கிரவுன் மோல்டிங்க படுக்க வச்சு வெட்டுறவங்களுக்கு: 38 டிகிரி சாய்வுல நிக்கிற வகைக்கு மைட்டர் 31.6, பெவல் 33.9, 45 டிகிரி வகைக்கு மைட்டர் 35.3, பெவல் 30. சுவர் மூலை சரியா 90 இருந்தாத்தான் இந்த எண் பொருந்தும், சுவர அளந்துட்டு வெட்டுங்க.

பிளேட சாய்க்கிறதுக்கு முன்னாடி மேல் ஃபென்ஸ வெளிய தள்ளுங்க, தள்ளாம இறக்குனா பிளேடோ கார்டோ அலுமினியத்துல போய் இடிக்கும். கரண்ட் இல்லாம ஒரு தடவ மேலருந்து கீழ வரைக்கும் முழுசா ஓட்டிப் பாத்துடுங்க. பிளேடு எந்தப் பக்கம் சாஞ்சு நிக்குதோ அந்தப் பக்கத்து துண்டு பிளேடுக்கு அடியில அகப்படும், அத லூசா விடாம கிளாம்ப் அந்தப் பக்கம் போடுங்க.

ஒரே ஸ்டாப் பிளாக், ஆனா நீளம் மாறுது

பிளாக்குக்கும் மரத்துக்கும் நடுவுல தூள் சேருது. பிளாக்கோட அடி விளிம்ப லேசா சீவி விட்டா தூள் ஒதுங்க எடம் கெடைக்கும். மரத்த பிளாக்ல மோதி மோதி வச்சா பிளாக்கே நகரும், தொட்டு வைங்க.

அதிருது, சத்தம் மாறிடுச்சு

பிளேட மாத்துனப்புறம் வந்ததா? அப்ப உள்பக்க வாஷர் முகத்துல தூள் ஒட்டியிருக்கும், இல்ல பிளேடு ஓட்டை அளவு சரியில்லாம தள்ளாடும். கழட்டி துடைச்சு, பிளேடு மேல இருக்கிற அம்புக்குறியும் கார்டு மேல இருக்கிறதும் ஒரே திசையான்னு பாத்து மாட்டுங்க. அந்த போல்ட் பெரும்பாலான மெஷின்ல இடது மரை, கடிகாரம் சுத்துற திசையில திருகுனாத்தான் கழலும், தெரியாம எதிர்ப்பக்கம் பலத்த காட்டி தலைய நாசம் பண்ணிடாதீங்க. பிளேடு வளைஞ்சிருக்கான்னு பாக்க, பல்லு ஓரமா ஒரு பென்சில அசையாம நிறுத்தி கையால பிளேட ஒரு சுத்து சுத்துங்க, இடைவெளி கூடிக் குறைஞ்சா பிளேடு போச்சு, தட்டி நிமித்தப் பாக்க வேண்டாம். பல்லு ஒண்ணு உடைஞ்சிருந்தாலும் விரிசல் இருந்தாலும் அதே முடிவுதான். பிளேடு நல்லா இருந்தும் கரகரன்னு சத்தம் வந்தா பேரிங், அது சர்வீஸ் ஆளு வேலை.

தீப்பொறி, கருகுன வாசனை, சக்தி இல்ல, பிளேடு நிக்க ரொம்ப நேரம் ஆகுது

இந்த நாலும் தனித்தனியா வந்தாலும் கார்பன் பிரஷ்ஷ (மோட்டாருக்குள்ள கரண்ட் கடத்துற சின்னக் கரிக்கட்டை) கழட்டி பாருங்க, நிறைய மாடல்ல மோட்டார் ரெண்டு பக்கமும் வெளியவே மூடி இருக்கும். தேய்மானக் கோடு வரைக்கும் வந்திருந்தா ரெண்டையும் சேத்து மாத்துங்க, ஒண்ண மட்டும் மாத்தக் கூடாது. எலக்ட்ரிக் பிரேக் இருக்கிற மெஷின்ல பிரஷ் தேஞ்சா பிரேக்கும் பிடிக்காது, சுவிட்ச்ச விட்டதும் சில நொடியில நின்ன பிளேடு இப்ப சுத்திட்டே இருக்கும், பழைய ஞாபகத்துல கைய நீட்டுனா ஆபத்து.

பிரஷ் நல்லா இருந்து சக்தி மட்டும் இல்லன்னா எக்ஸ்டென்ஷன் வயர பாருங்க. மெல்லிசு வயர், நீள வயர், சுருட்டி வச்ச வயர் எல்லாமே வோல்டேஜ முழுங்கி மோட்டார சூடாக்கும். சுருள முழுசா பிரிச்சு விடுங்க, தொட்டா சூடு தெரியுற வயர மாத்துங்க.

பை மாட்டியும் தூள் எல்லாம் வெளிய

பை முக்காவாசி நிறைஞ்சாலே இழுக்காது, வேக்யூம் குழாய் மாட்டுனா எவ்வளவோ மேல், ஆனா மைட்டர் சா-ல எத மாட்டுனாலும் நுண்ணிய தூள் கொஞ்சம் தப்பிக்கத்தான் செய்யும். உலக சுகாதார அமைப்போட புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1995-ல வெளியிட்ட மதிப்பீட்டுலயே மரத்தூள மனுசங்களுக்கு புற்றுநோய் உண்டாக்கும்னு உறுதியான முதல் வகையில சேத்தாச்சு, மூக்கு, மூக்கு பக்கத்து குழிகள்ல வர்ற புற்றுநோய் அது. ஒரு நாள்ல தெரியாது, வருசக்கணக்குல சேரும். என்95 தர முகமூடி போட்டே வெட்டுங்க, எம்டிஎஃப்-க்கு (மரநார அழுத்திப் பண்ணின பலகை) கண்டிப்பா. காதுக்கும் அப்படித்தான், 85 டெசிபல் சத்தத்துல 8 மணி நேரம் இருக்கலாம்னு சொல்ற கணக்குல 100 டெசிபலுக்கு 15 நிமிசம்தான் அனுமதி, மைட்டர் சா அந்தப் பக்கத்துலதான் கத்துது. கண்ணாடியும் சேத்து மூணும் மெஷின் மேலயே தொங்கட்டும்.

கீழ் கார்டு ஒட்டிக்குது, மூட மாட்டேங்குது

பிளேட இறக்கும்போது கார்டு தானா ஒதுங்கணும், தூக்கும்போது தானா முழுசா மூடணும், பாதியில நின்னாலோ மெதுவா தயங்கி வந்தாலோ அதுக்கு மேல ஒரு கட் கூட வேண்டாம். பிளக் புடுங்கி, கார்டு சுழலுற முளையிலயும் அத இழுக்குற இணைப்புக் கம்பியிலயும் அடைச்ச தூளையும் பிசினையும் காஞ்ச பிரஷ்ல எடுங்க, எண்ணெய் விட்டா தூள் இன்னும் ஒட்டும், அது வேண்டாம். கண்ணாடி மாதிரி பிளாஸ்டிக் மங்கிப் போயிருந்தா சோப்புத் தண்ணியில துடைங்க, கோடு தெரியலன்னுதான் நிறைய பேர் கார்ட கையால தூக்கிப் பிடிச்சுக்கிட்டு வெட்டுறாங்க, அப்புறம் கயிறு கட்டி நிறுத்திடுறாங்க. சுத்தம் பண்ணியும் மூடலன்னா ஸ்பிரிங் போயிருக்கும், இல்ல மெஷின் கீழ விழுந்ததுல கார்டு நெளிஞ்சிருக்கும். ரெண்டுக்கும் ஸ்பேர் கெடைக்கும், அது வந்து மாட்டி, கையால பத்து தடவ தூக்கி எறக்கிப் பாத்து ஒவ்வொரு தடவையும் டக்குன்னு மூடுறது உறுதியாகுற வரைக்கும் வேலைய கைரம்பத்துல பாத்துக்கோங்க.